செவிலிக்கு என்ன கூலி?

சென்ற ஆண்டு என் மகளின் பிறந்தநாளுக்கு அவளுடைய மாமா ஓர் ஒராங்குட்டான் குட்டியைப் பரிசாகக் கொடுத்தார். குட்டி வீட்டுக்கு வரவில்லை. அது போர்னியோவில்தான் இருக்கிறது. ஆண்டுக்கு ஒரு தொகை கட்டினால், மீட்கப்பட்ட குட்டியொன்றைப் பெயரளவில் 'தத்து' எடுத்துக்கொள்ளலாம். சான்றிதழும் புகைப்படமும் மின்னஞ்சலில் வந்துசேரும். சில மாதங்களுக்கு ஒருமுறை குட்டியின் நலம் சொல்லிக் கடிதம் வரும். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் மகள் சான்றிதழைக் கடையில் கொடுத்து வண்ணத்தில் அச்செடுத்துத் தன் மேசைக்கு மேலே ஒட்டிவைத்தாள்.

நல்ல படம். தலைமயிர் தீப்பொறி போலச் சிலிர்த்து நிற்க, கண்ணை அகல விரித்து நம்மையே பார்க்கிறது குட்டி. இரண்டு வயதிருக்கலாம். இரு கைகளாலும் எதையோ இறுகப் பற்றியிருக்கிறது. அது மரக்கிளை என்றே பல நாள் நினைத்திருந்தேன். ஒரு நாள் மேசையைத் துடைக்கும்போதுதான் கவனித்தேன்: அது ஒரு மனிதக் கை. நீல நிற ரப்பர் கையுறை, அதற்கு மேலே மடித்துவிட்ட சட்டைக் கையின் விளிம்பு. முழங்கைக்கு அப்பால் படம் வெட்டப்பட்டிருந்தது.

"இந்தக் கை யாரோடதுடி?" என்று கேட்டேன்.

"தெரியலம்மா. அங்க வேலை பாக்கறவங்களா இருக்கும்" என்றாள்.

சான்றிதழில் குட்டியின் பெயர் இருந்தது. தோராயமான பிறந்த ஆண்டு, மீட்கப்பட்ட இடம், விரும்பித் தின்னும் பழம், குணம் எல்லாம் இருந்தன. கையைப் பற்றி ஒரு சொல் இல்லை. அந்தக் கையைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன்.

அகப்பாடல்களைக் கற்பித்துப் பிழைக்கிறவள் என்பதால் எனக்கு உடனே செவிலி நினைவுக்கு வந்தாள். பெற்றவள் நற்றாய், வளர்த்தவள் செவிலி. தலைவி உடன்போக்கில் சென்றுவிட்ட பின் சுரத்தின் வெம்மையையும் மகளின் சிற்றடியையும் எண்ணிப் புலம்பும் உரிமை நற்றாய்க்கு எவ்வளவு உண்டோ அவ்வளவு செவிலிக்கும் உண்டு. சொல்லப்போனால், வீட்டில் நின்று அழாமல் சுரத்தில் இறங்கி, எதிர்ப்படுவோரையெல்லாம் மறித்து மகளைக் கண்டீர்களா என்று கேட்டுத் திரிகிறவளும் அவள்தான். அவளுக்குப் பெயர் கிடையாது. அகத்திணையில் எவரையும் பெயர் சுட்டிக் கூறலாகாது என்பது மரபாகையால் அதில் குறையொன்றுமில்லை. தலைவனுக்கே பெயரில்லாத உலகம் அது. ஆனால் போர்னியோவின் கதையில் குட்டிக்குப் பெயருண்டு, மையத்துக்குப் பெயருண்டு, மையத்தைத் தொடங்கியவரைப் பற்றிப் புத்தகங்களும் படங்களும் உண்டு. செவிலிக்கு மட்டும் பெயரில்லை. இதை மரபென்று விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

(இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. இளமைப் பெயர்களை வகுக்கும் தொல்காப்பிய மரபியல், மரத்தில் வாழும் குரங்கின் இளையதற்குக் குட்டி என்ற பெயரோடு மகவு, பிள்ளை என்ற பெயர்களையும் தருகிறது. அதை எழுதியவர் குரங்கை உற்றுப் பார்த்திருக்க வேண்டும்.)

'ஓராங்', 'ஊத்தான்' என்ற இரு மலாய்ச் சொற்களுக்கு மனிதன், காடு என்று பொருள். காட்டு மனிதன். 2011இல் இவ்விலங்கின் மரபணுத் தொகுப்பு முழுமையாக வாசிக்கப்பட்டபோது அது நம்முடையதோடு சுமார் 97 சதவீதம் ஒத்திருப்பது தெரிந்தது. இந்த எண்ணைச் சொன்னால் எல்லாரும் வியக்கிறார்கள். எனக்கு வியப்பளிப்பது வேறு ஓர் எண். ஒராங்குட்டான் தாய் ஒரு குட்டியை ஈன்ற பின் அடுத்ததை ஈனப் பெரும்பாலும் ஏழு, எட்டு ஆண்டுகள் ஆகின்றன. பாலூட்டிகளில் இவ்வளவு நீண்ட இடைவெளி வேறெதற்கும் இல்லை. முதல் சில மாதங்கள் குட்டி தாயின் உடலை விட்டு இறங்குவதே இல்லை. ஆறேழு வயது வரைகூடப் பால் குடிக்கிறது. அந்த ஆண்டுகளில்தான் அது எல்லாவற்றையும் கற்கிறது. எந்த மரம் எந்த மாதத்தில் பழுக்கும், எந்தப் பட்டையை உரித்தால் உள்ளே தின்னத்தக்கது இருக்கும், கரையான் புற்றை எப்படி உடைத்து உறிஞ்சுவது, பொழுது சாயும்போது எந்தக் கிளைகளை எப்படி மடித்துப் படுக்கை கட்டுவது என்று ஒரு காட்டையே மனத்தில் ஏற்றிக்கொள்கிறது. தந்தைக்கு இதில் பங்கில்லை. கூட்டமும் கிடையாது. ஒரு தாய், ஒரு பிள்ளை, ஏழெட்டு ஆண்டு. ஆசிரியத் தொழிலில் இருக்கும் எனக்கு இந்த விகிதம் பொறாமையளிக்கிறது.

இந்தத் தாயைக் கொன்றால்தான் குட்டி கைக்குக் கிடைக்கும். உயிரோடிருக்கும் தாயிடமிருந்து குட்டியைப் பிரித்தெடுப்பது அநேகமாக இயலாது. ஆகவே கூண்டிலோ சங்கிலியிலோ வளர்ப்புப் பிராணியாகக் கண்டெடுக்கப்படும் ஒவ்வொரு குட்டிக்குப் பின்னாலும் ஒரு பிணம் கிடக்கிறது என்று கொள்ளலாம். இந்தோனேசியாவில் 1990ஆம் ஆண்டின் சட்டம் இதற்குச் சிறைத்தண்டனை விதிக்கிறது. தண்டனை பெற்றவர்களோ சிலர்தான்.

ஏன் கொல்கிறார்கள் என்பதற்குப் பெரிய கதை இருக்கிறது. சுருக்கமாகச் சொல்கிறேன். 1995இல் அதிபர் சுகார்த்தோ, மத்திய கலிமந்தானில் பத்து லட்சம் ஹெக்டேர் சதுப்புக் காட்டை நெல்வயலாக்கப்போவதாக அறிவித்தார். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நீளத்துக்குக் கால்வாய் வெட்டி நீரை வடித்தார்கள். நெல் விளையவில்லை. பல்லாயிரம் ஆண்டுகளாக நீரில் ஊறிக் கிடந்த கரிமண் காய்ந்தது. காய்ந்த கரிமண் தீப்பிடித்தால் தரைக்கடியில் மாதக்கணக்கில் புகைந்துகொண்டே இருக்கும். 1997இன் பெருந்தீ அப்படித்தான் மூண்டது. எரிந்த காடுகளிலும் எரியாமல் வெட்டப்பட்ட காடுகளிலும் எண்ணெய்ப்பனை வந்தது. வாழிடம் இழந்த விலங்கு பனங்குருத்தைத் தின்ன இறங்கியது, தோட்டத்தவர்கள் அடித்தார்கள். வேட்டையும் ஒருபுறம் நடந்தது. 1999க்கும் 2015க்கும் இடையில் போர்னியோ ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஒராங்குட்டான்களை இழந்தது என்று 2018இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. காடு அழிந்த இடங்களில் மட்டுமல்லாமல், காடு நிற்கும் இடங்களிலும் அவை மறைந்திருந்தன என்பது அந்த ஆய்வு சொன்ன கசப்பான செய்தி.

அப்பெருந்தீக்குப் பின், 1999இல், பலங்கராயா நகருக்கு அருகே நியாரு மென்தெங் என்ற இடத்தில் அனாதைக் குட்டிகளுக்கான மையம் தொடங்கப்பட்டது. தொடங்கியவர் லோனே ட்ரோஷர் நீல்சன் என்ற டென்மார்க்குப் பெண்மணி. முன்னர் விமானப் பணிப்பெண்ணாக இருந்தவர். சில ஆண்டுகளில் அங்கிருந்த விலங்குகளின் எண்ணிக்கை பல நூறாகப் பெருகியது. பிபிசி 2007இல் இதை வைத்து ஒரு தொடர் எடுத்தது. பிற்பாடு வேறு தொடர்களும் வந்தன. அவற்றைப் பார்த்தவர்களுக்குத் தள்ளுவண்டியில் ஏற்றிக் காட்டுப் பள்ளிக்கு அழைத்துச் செல்லப்படும் குட்டிகள் நினைவிருக்கும். வண்டியைத் தள்ளிக்கொண்டு போன பெண்கள் நினைவிருக்கிறார்களா?

அவர்களில் பெரும்பாலோர் சுற்றுப்புற ஊர்களைச் சேர்ந்தவர்கள். தயாக் இனத்தவர் பலர். அவர்கள் செய்யும் வேலையைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். புதிதாக வரும் குட்டி முதலில் தனிமைப்படுத்தப்படுகிறது. மார்பு ஊடுகதிர்ப் படம், இரத்தப் பரிசோதனை, காசநோயும் கல்லீரல் அழற்சியும் இல்லையென்ற உறுதி. நம் நோய்களெல்லாம் அதற்கும் வரும். அதன் நோய் நமக்கும் வரலாம். இந்தக் காலத்தில் குட்டியைத் தூக்கிவைத்திருக்க ஓர் ஆள் வேண்டும். பற்றிக்கொள்ள ஓர் உடல் இல்லாவிட்டால் குட்டி தன்னைத் தானே கட்டிக்கொண்டு மூலையில் சுருண்டுவிடும். மருந்து இருந்தும் பிழைக்காமற்போகும் குட்டிகள் உண்டு. ஆகவே இரவிலும் ஆள் வேண்டும். சில மணிக்கொருமுறை பால், வயிற்றுப்போக்குக்கு மருந்து, சொறி பிடித்த தோலுக்குக் களிம்பு.

கொஞ்சம் தேறியதும் காட்டுப் பள்ளி. காலையில் தூக்கிக்கொண்டும் வண்டியில் ஏற்றிக்கொண்டும் காட்டுக்குள் போகிறார்கள். அங்கே செவிலிதான் மரம், அவளே ஆசான். குட்டி தரையில் விளையாடினால் ஏசுவாள், மரத்தில் ஏறினால் பாராட்டுவாள். எந்தத் தளிரைத் தின்னலாம் என்பதைத் தானே கடித்துக் காட்டுகிறாள். கரையான் புற்றை உடைத்து நீட்டுகிறாள். பாம்பென்றால் அஞ்ச வேண்டும் என்று கற்பிக்க ரப்பர்ப் பாம்பைப் போட்டுவிட்டு, தானே அலறி ஓடுவதும் அவளே. கிளையை மடித்துப் படுக்கை கட்டுவதைத் தரையிலிருந்துகொண்டு எப்படிக் கற்பிப்பது? கற்பிக்கிறார்கள். மரமேறத் தெரியாத ஆசிரியை, மரத்திலேயே வாழப்போகும் மாணவனுக்குப் பாடம் நடத்துகிறாள். மழைக்காலத்தில் சேறு, வெயிலில் புழுக்கம், எப்போதும் கொசு. குட்டி கடிக்கும், பெரிதானதும் பலமாகவே கடிக்கும். மூன்று வயதில் கழுத்தைக் கட்டிக்கொண்டிருந்தது எட்டு வயதில் ஆளை இழுத்துப் போடும் வலிமை கொண்டதாகிறது.

அதன் பின் ஆற்றுத் தீவு. சுற்றிலும் நீர் இருப்பதால் நீந்தத் தெரியாத இவ்விலங்கு அங்கே காவலின்றித் திரியலாம். உணவு மட்டும் படகில் போகும். இறுதியாக உள்காடு. நியாரு மென்தெங்கிலிருந்து 2012இல் முதல் தொகுதி புக்கிட் பத்திகாப் காட்டுக்கு அனுப்பப்பட்டது. பின்னர் 2016 முதல் புக்கிட் பாக்கா புக்கிட் ராயா தேசியப் பூங்காவுக்கும் அனுப்பினார்கள். விட்ட பிறகும் வேலை முடிவதில்லை. கண்காணிப்போர் விடியுமுன் எழுந்து விலங்கின் படுக்கையடியில் போய் நின்று, அது மறுபடி படுக்கை கட்டும்வரை பின்தொடர்ந்து நடந்து, என்ன தின்றது, எவ்வளவு நேரம் தரையில் இருந்தது என்று எழுதிக்கொள்கிறார்கள்.

இத்தொழிலின் வெற்றிக்கு ஒரு விசித்திரமான அளவுகோல். விடப்பட்ட விலங்கு மனிதரைக் கண்டால் விலகிப்போக வேண்டும். வளர்த்தவளைக் கண்டாலும் அப்படியே. அடையாளம் கண்டு இறங்கிவந்தால் அது தோல்வி. நம் செவிலிக்காவது மகள் எங்கோ மனைமாட்சியோடு வாழ்கிறாள் என்று கண்டுவந்து நற்றாயிடம் சொல்லும் துறை உண்டு. இவர்களில் பலருக்கு அதுவும் வாய்ப்பதில்லை.

விடவே முடியாதவையும் இருக்கின்றன. 2019 மார்ச்சில் சுமத்ராவின் அச்சே மாநிலத்தில் ஒரு தாய் ஒராங்குட்டானைக் கண்டெடுத்தார்கள். உடலில் 74 காற்றுத்துப்பாக்கிக் குண்டுகள். இரு கண்களும் போயிற்று. அதன் குட்டி கொண்டுவரும் வழியிலேயே இறந்தது. மீட்டவர்கள் அதற்கு நம்பிக்கை என்று பொருள்படும் 'ஹோப்' என்ற பெயரை வைத்தார்கள். பெயர் வைப்பது எளிது. ஒராங்குட்டான் ஐம்பது ஆண்டுகள் வாழக்கூடியது. குருடான ஒரு விலங்குக்கு நாள்தோறும் உணவு கொடுக்கவும் கூண்டைக் கழுவவும் இருபது, முப்பது ஆண்டுகளுக்கு ஆள் வேண்டும். தத்தெடுப்புச் சான்றிதழின் ஆயுள் ஓராண்டு.

இப்போது படத்திலிருந்து வெட்டப்பட்ட முழங்கைக்கு வருகிறேன். என் முதற்கோபம் நியாயமற்றது என்று பிறகு தெரிந்தது. மனிதர் குரங்கினத்தைக் கட்டியணைத்திருக்கும் படங்களைக் காண்போருக்கு, இதை வீட்டில் வளர்க்கலாம் போலிருக்கிறதே என்ற ஆசை எழுகிறது. அந்த ஆசைதான் கள்ளச்சந்தைக்குத் தீனி. இதனால் அத்தகைய படங்களைத் தவிர்க்க வேண்டுமென்று பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் குரங்கின வல்லுநர் குழு 2021இல் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. பராமரிப்பவர் படத்தில் வந்தாலும் கையுறை, முகமூடி தெரிய வேண்டும் என்பது அதன் போக்கு. சரியான விதிதான், அதை நான் மறுக்கவில்லை. ஆயினும் படத்தில் இடமில்லை என்பதற்காக எழுத்திலும் இடமில்லாமற்போக வேண்டுமா? இந்தக் குட்டியை இன்று தூக்கிச் சுமப்பவர் இன்னார், இத்தனை ஆண்டு அனுபவமுள்ளவர் என்று கடிதத்தில் ஒரு வரி சேர்த்தால் எந்தக் கள்ளச்சந்தையும் பெருகிவிடாது.

இந்த மறைவு இன்று நேற்று வந்ததன்று. 1950களின் பிற்பகுதியில் சரவாக்கின் கூச்சிங் நகரில் பார்பரா ஹாரிசன் தம் வீட்டுத் தோட்டத்தில் அனாதைக் குட்டிகளை வளர்த்துக் காட்டுக்குத் திருப்ப முயன்றதுதான் இம்முயற்சிகளுக்கெல்லாம் முன்னோடி. 1962இல் அவர் எழுதிய புத்தகம் புகழ்பெற்றது. மரத்தில் ஏறி, குட்டிகளுக்கு உயரம் பழக்கியது பிடாய் என்ற உள்ளூர் இளைஞன். நல்லவேளையாக அப்புத்தகத்திலேயே அவன் பெயர் இருக்கிறது. ஆனால் முன்னோடிகளின் பட்டியலில் இல்லை. 1964இல் சபாவில் செப்பிலோக், 1971இல் தஞ்சோங் புத்திங்கில் பிருதே கால்டிகாஸ், 1973இல் சுமத்ராவின் போஹோரோக்கில் இரு சுவிட்சர்லாந்துப் பெண்கள் என்று வரலாறு தொடர்கிறது. இவர்களின் துணிவையும் உழைப்பையும் குறைத்துச் சொல்ல நான் யார்? வாழ்வையே கொடுத்தவர்கள். ஆனால் ஒரு வெள்ளைக்காரப் பெண், ஒரு செம்மயிர்க் குட்டி என்ற இருவர் மட்டுமே உள்ள படமாக இது உலகத்தின் மனத்தில் பதிந்துவிட்டது.

இந்தப் படத்தைக் கலைத்துப் பார்த்தவர் ஹுனோ சலசார் பரேன்யாஸ் என்ற மானிடவியலாளர். சரவாக்கின் இரு மையங்களில் தங்கி ஆராய்ந்து, பராமரிப்பு என்பதை உழைப்பாகவே வைத்துப் பேசும் நூலொன்றை அவர் 2018இல் வெளியிட்டார். பணம் கட்டி வந்து இரண்டு வாரம் கூண்டு கழுவிவிட்டு நெகிழ்ந்துபோகும் வெளிநாட்டுத் தொண்டர்களும், அதே கூண்டை ஆண்டு முழுவதும் குறைந்த கூலிக்குக் கழுவும் உள்ளூர்க்காரர்களும் ஒரே இடத்தில் நிற்கும் காட்சியை அதில் காணலாம். கழுவப்படும் கூண்டு ஒன்றுதான். ஒருவர் அதற்காகப் பணம் கொடுக்கிறார், இன்னொருவர் வாங்குகிறார். வாங்குகிறவரின் வேலை எப்படி இருக்கிறது என்று கொடுக்கிறவர் கேட்பதில்லை.

2015ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அவ்வாண்டு இந்தோனேசியாவில் சுமார் 26 லட்சம் ஹெக்டேர் எரிந்தது. காற்று மாசுக் குறியீடு 300ஐத் தாண்டினாலே அபாயம் என்ற நிலையில், பலங்கராயாவில் அது 2000ஐத் தாண்டியது. பகலில் விளக்கெரிய வேண்டியிருந்த வாரங்கள் அவை. குட்டிகளுக்கு மூச்சுத்தொற்று வந்ததை உலகச் செய்தித்தாள்கள் படத்தோடு எழுதின. அவற்றுக்கு மருந்து கொடுத்துக்கொண்டிருந்த பெண்களும் அதே காற்றைத்தான் சுவாசித்தார்கள். பணி முடிந்து அவர்கள் போன வீடுகளில் அவர்களுடைய பிள்ளைகளும் இருந்தார்கள். 2020இல் கொரோனா வந்தபோது, மனித நோய் விலங்குகளுக்குத் தொற்றிவிடக்கூடாதென்று மையங்கள் கதவை மூடின. ஊழியர்கள் வாரக்கணக்கில் வீட்டுக்குப் போகாமல் உள்ளேயே தங்கிய இடங்கள் உண்டு. சுற்றுலா வருவாயும் நின்றுபோன காலம்.

இவ்வளவும் எழுதிய பின் எதிர்த்தரப்பின் வாதத்தை மறைப்பது நேர்மையாகாது. அது வலுவான வாதம். 2000 முதல் 2019 வரை ஒராங்குட்டான் பாதுகாப்புக்கு நூறு கோடி டாலருக்கும் மேல் செலவிடப்பட்டிருக்கிறது. எந்தச் செலவுக்கு எவ்வளவு பலன் என்று 2022இல் ஓர் ஆய்வுக்குழு கணக்கிட்டது. வாழிடத்தைக் காப்பதும் ரோந்து செல்வதும் மக்களிடம் பேசுவதும் அதிகப் பலன் தந்தன. மீட்பும் மறுவாழ்வும் காட்டிலுள்ள எண்ணிக்கையைக் காப்பதில் அவ்வளவு பயன் தரவில்லை. குட்டிக்குப் பால் வாங்கும் காசில் காட்டுக்குக் காவல் போடலாம் என்பது இதன் சாரம்.

கணக்கு சரியாகவே இருக்கலாம். ஆனால் கணக்குக்குள் வராத இரண்டைச் சொல்ல வேண்டியிருக்கிறது. சங்கிலியில் கட்டிக்கிடக்கும் குட்டியைப் பறிமுதல் செய்ய ஓர் அதிகாரி போகிறார் என்றால், பறித்துக்கொண்டு எங்கே போவது என்பதற்கு விடை இருக்க வேண்டும். மையங்கள் இல்லாவிட்டால் சட்டம் ஏட்டிலேயே கிடக்கும். இரண்டாவது, அந்த ஆய்வு புகழும் 'மக்களிடம் பேசுதல்' என்பதை யார் செய்வது? வெளியூரிலிருந்து வரும் துண்டறிக்கையா? பக்கத்து ஊர்ப் பெண்ணொருத்தி பதினைந்து ஆண்டுகளாக அந்த விலங்குக்குப் பால் கொடுத்துச் சம்பளம் வாங்கி, அதில் பிள்ளைகளைப் படிக்கவைத்திருக்கிறாள் என்றால், தோட்டத்தில் இறங்கிய விலங்கை என்ன செய்வது என்று அவ்வூரில் பேச்செழும்போது அவள் சொல்லுக்கு ஒரு கனம் உண்டு. அவளுடைய சம்பளம் காட்டுக்கான செலவுதான். அந்தச் சம்பளம் நிலையற்றதாகவும் சொற்பமாகவும் இருந்தால், நாளை அவள் கணவனும் மகனும் பனந்தோட்டத்துக் கூலிக்குத்தான் போவார்கள். போகாதீர்கள் என்று சொல்ல நமக்கு வாயில்லை.

நமக்கு ஏன் வாயில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். உலகிலேயே மிக அதிகமாகப் பாமாயில் இறக்குமதி செய்யும் நாடு நம்முடையது. அதில் பெரும்பங்கு இந்தோனேசியாவிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் வருகிறது. தமிழ்நாட்டில் 2007இல் தொடங்கிய சிறப்புப் பொது விநியோகத் திட்டத்தின் கீழ் ரேஷன் கடையில் பாக்கெட் பாமாயில் தரப்படுகிறது. இன்றைக்கு லிட்டர் 25 ரூபாய். அதை வாங்கித் தாளிக்கும் ஏழை வீட்டைக் குறைசொல்லும் அயோக்கியத்தனத்தை நான் செய்யமாட்டேன். பாமாயிலைப் புறக்கணி என்ற கோஷத்திலும் எனக்கு நம்பிக்கையில்லை. ஒரு ஹெக்டேரில் பனை தரும் எண்ணெயை வேறெந்தப் பயிரும் தராது. வேறு எண்ணெய்க்கு மாறினால் வேறொரு காடு போகும். நான் சொல்ல வருவது ஒன்றுதான். மாதச் சம்பளம் வாங்கும் நம் வீடுகளின் பிஸ்கட்டிலும் சோப்பிலும் டீக்கடை பஜ்ஜியிலும் அந்த எண்ணெய் இருக்கிறது. தத்தெடுக்கும்போது நாம் கொடுப்பது கொடை என்று எண்ணிக்கொள்கிறோம். அதில் பாதியாவது பாக்கி.

இதை எழுதும் எனக்கு இன்னொரு பாக்கியும் உண்டு. என் மகளுக்கு ஆறு மாதமானபோது நான் கல்லூரிக்குத் திரும்பினேன். பக்கத்துக் கிராமத்திலிருந்து ஓர் அக்கா வந்து பார்த்துக்கொண்டார். நான்கு ஆண்டுகள். மகள் அவரைப் பெரியம்மா என்பாள். முதல் அடி எடுத்துவைத்ததை நான் பார்க்கவில்லை, அவர்தான் பார்த்தார்; மாலையில் நான் வந்ததும் எனக்காக மறுபடி நடக்கவைத்துக் காட்டினார். அந்த நான்கு ஆண்டுகளில் எனக்கு இரண்டு முறை ஊதிய உயர்வு வந்தது. அவருக்கு ஒரு முறை தந்தேன். அதுவும் அவர் தயங்கித் தயங்கிக் கேட்ட பிறகு. அவர் எங்கள் வீட்டு மனுஷி என்று எல்லாரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொள்வேன். வீட்டு மனுஷி என்று சொல்லிவிட்டால் சம்பளத்தைப் பற்றிப் பேச வேண்டியதில்லை என்பது எவ்வளவு வசதி! மகள் பள்ளிக்குப் போகத் தொடங்கியதும் ஒரு சேலை கொடுத்து அனுப்பிவைத்தோம்.

ஓராண்டு கழித்துப் பேருந்து நிலையத்தில் அவரைப் பார்த்தோம். கையை நீட்டினார். மகள் என் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். நான் சங்கடப்பட்டு, "பெரியம்மாடி, போ" என்று தள்ளினேன். "வுடுங்க டீச்சர். மறந்துட்டா. பள்ளிக்கூடம் போற புள்ள, மறக்கத்தான செய்யும்" என்று சிரித்தார். கையை மெல்ல இழுத்துக்கொண்டார். அந்தக் கையைத்தான் சான்றிதழில் பார்த்தேனோ என்னவோ.

அன்பு என்ற சொல்லால் கூலியைக் குறைக்கும் வழக்கம் எல்லா நாட்டிலும் உண்டு. செவிலியரை, அங்கன்வாடி ஊழியரை, முதியோர் இல்ல ஆயாக்களைத் தாய் என்கிறோம். தாய்க்குச் சம்பளமில்லை அல்லவா? போர்னியோவின் பெண்களை 'மாற்றுத் தாய்மார்' என்று தொலைக்காட்சிகள் உருகும்போதெல்லாம் எனக்கு இந்த ஐயம் வருகிறது. அவர்கள் அன்பு செய்கிறார்கள் என்பதில் ஐயமில்லை. அதோடு அவர்கள் தேர்ச்சி பெற்ற தொழிலாளர்களும்கூட. எந்தக் குட்டி எப்போது காட்டுக்குத் தகுதியாகும் என்பதை எந்த ஆய்வாளருக்கும் முன்னால் அவர்கள் அறிவார்கள். தேர்ச்சிக்குரிய ஊதியமும் மருத்துவக் காப்பீடும், கடிபட்டாலோ காசநோய் தொற்றினாலோ பொறுப்பேற்கும் நிர்வாகமும், முதுமையில் கொஞ்சம் பணமும் அவர்களுக்கு வேண்டும். விலங்கின் பெயரில் வரும் நன்கொடையை அந்த விலங்குக்கே செலவிட வேண்டுமென்று கொடுப்பவர் வற்புறுத்தினால் இவற்றுக்குப் பணம் இராது. சம்பளம் என்ற தலைப்பில் பணம் கேட்டால் உலகம் கொடுப்பதில்லை. ஆகவே நிறுவனங்களும் கேட்பதில்லை. குட்டியின் கண்ணைக் காட்டுகின்றன. அவற்றை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. கண்ணைக் காட்டாவிட்டால் என் மகளின் மாமா அந்தப் பக்கத்தையே திறந்திருக்கமாட்டார்.

சான்றிதழ் அனுப்பிய நிறுவனத்துக்கு மகளைவிட்டே ஒரு கடிதம் எழுதச் சொன்னேன். படத்திலுள்ள கை யாருடையது, அவருடைய சம்பளம் நாங்கள் கட்டிய பணத்தில் சேர்ந்திருக்கிறதா என்று இரண்டே கேள்விகள். இரு வாரங்களில் கனிவான பதில் வந்தது. ஊழியர்களின் விவரங்களை வெளியிடுவதில்லை; தத்தெடுப்புத் தொகை உணவு, மருந்து போன்றவற்றுக்குப் போகிறது; சம்பளம் பெரும்பாலும் பொது நிதியிலிருந்து தரப்படுகிறது; பொது நிதிக்கும் கொடுக்கலாம், ஆனால் அதற்குச் சான்றிதழோ புகைப்படமோ கடிதமோ கிடையாது.

இந்த ஆண்டு புதுப்பிக்க வேண்டிய நாள் வந்தபோது மகள் சற்று நேரம் கணினி முன் உட்கார்ந்திருந்தாள். "குட்டியோட லெட்டர் வராதுல்ல?" என்று கேட்டாள். வராது என்றேன். பிறகு பொது நிதியென்ற கட்டத்தை அழுத்தினாள். பழைய படத்தை அவள் எடுக்கவில்லை. மேசைக்கு மேலே அப்படியேதான் ஒட்டியிருக்கிறது. அந்த அக்காவின் ஊருக்கு எங்கள் வீட்டிலிருந்து ஒரே பேருந்து. இந்த விடுமுறையில் போய்வர வேண்டும்.